நம்பர் பிளேட் வாசிக்கும் கமரா: கேட்டவர்களுக்குப் பதில்

கொழும்பில் கமராவில் பார்த்துத் தண்டம் எழுதத் தொடங்கியதிலிருந்து நம்ம பக்கத்திலும் ஆளுக்கொரு கதை. இங்கிலாந்தில் நம்பர் பிளேட் வாசிக்கும் கமராக்களைப் பூட்டிப் பராமரிக்கும் வேலை பார்த்துவிட்டு வந்து மட்டக்களப்பு கல்லடியில் இருப்பவன் என்பதால், கேளுங்கள், சொல்கிறேன் என்றேன். குவிந்துவிட்டது. கமரா, அதில் பதிவாகும் தகவல், அதை யார் கண்காணிப்பது, இவ்வளவுதான் என் எல்லை. வழக்கு விழுந்தவர்கள் சட்டத்தரணியிடம் போங்கள். எந்த வேன் வாங்கலாம் என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை.

செங்கலடி, வேன் சாரதி: அண்ணே, கடையில பூட்டியிருக்கிற சீசீடீவிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

கடைக் கமரா படம் பிடிக்கும், அவ்வளவுதான். உங்கள் வேன் எப்போது போனது என்று அறிய ஒருவர் மணிக்கணக்காக உட்கார்ந்து பார்க்க வேண்டும். இது எண்ணை வாசித்து எழுத்தாக்கிவிடும். கமரா அகச்சிவப்பு ஒளியை அடிக்கிறது. தகட்டின் பின்னணி அந்த ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்பு எழுத்து அனுப்பாது. அதனால் நடு இரவிலும் எண் பளிச்சென்று தெரியும். மென்பொருள் அந்தத் துண்டை வெட்டி, எழுத்தெழுத்தாகப் பிரித்து வாசித்து, எண், இடம், நேரம், படம் நான்கையும் ஒரு வரியாகப் பதிந்துவிடும். தேடப்படும் வண்டிகளின் பட்டியலில் அந்த எண் இருந்தால் எச்சரிக்கை போகும். புதுச் சங்கதி இல்லை. பிரித்தானியாவில் பொலிஸுக்கான ஆய்வுப் பிரிவு 1976இலேயே உருவாக்கியது.

எச்சரிக்கை போவதில் எனக்குப் பெரிய முறைப்பாடு இல்லை. பட்டியலில் இல்லாத மற்ற எல்லோருடைய வரிகளும் என்ன ஆகின்றன என்பதுதான் என் கேள்வி. யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் வண்டி நம்பரைக் கொப்பியில் எழுதினார்கள். கொப்பி நிறைந்தால் மூலையில் கிடக்கும். அதில் ஒரு நம்பரைத் தேடி எடுப்பதற்குள் விடிந்துவிடும். இது ஒரு நொடியில் தேடக்கூடிய கொப்பி. ஆறு மாதத்துக்கு முந்திய ஒரு வெள்ளிக்கிழமை உங்கள் வேன் எங்கே போனது, கிழமைதோறும் எந்தத் தெருவுக்குத் திரும்புகிறது, எந்த வண்டிக்குப் பின்னால் அடிக்கடி வருகிறது, எல்லாம் வரும். இனி யார் எதைக் கேட்டாலும் என் முதல் எதிர்க்கேள்வி ஒன்றுதான்: எத்தனை நாள் வைத்திருப்பார்கள்?

காத்தான்குடி: எங்கட சந்தியில புதுசா ஒரு கம்பமும் கமராவும் வந்திருக்கு. அது இந்த ரகமா?

கம்பத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே வழித்தடத்தை நோக்கி, நடுத்தர உயரத்தில், பக்கத்தில் ஒரு விளக்குப் பெட்டியோடு நின்றால் சந்தேகப்படலாம். ஆனால் இன்றைக்குச் சாதாரணக் கமராவின் படத்தையும் மென்பொருளுக்குக் கொடுத்து எண் வாசிக்கலாம். கம்பத்தை அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டு எழுத்தில் கேளுங்கள். எப்படி என்று கீழே வருகிறது.

ஏறாவூர்: நான் போன வருசம் ஓபன் பேப்பரில் வித்த கார் கொழும்பில் ஓடுது. சிவப்பு விளக்கில் போனதுக்கு எனக்கு பொலிஸில இருந்து ஆள் வருது. நான் கொழும்புக்கே போகல்ல!

போகவில்லைதான். ஆனால் பதிவுப் புத்தகம் உங்கள் பெயரில் இருக்கிறதே. 2024 ஜனவரி 22 முதல் கொழும்பு நகரில் கமராவில் பார்த்துப் பிடிக்கிறார்கள். அறிவித்தல் பதிவு உரிமையாளர் வசிக்கும் இடத்துப் பொலிஸ் நிலையம் வழியாக வருகிறது. கமராவுக்கு ஓட்டுகிறவரைத் தெரியாது, தகட்டை மட்டும்தான் தெரியும். வண்டி கைமாறினால் 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தில் முன்பிருந்தே இருக்கிறது. நாம்தான் கைமாற்றப் பத்திரத்தில் கையெழுத்தை மட்டும் போட்டு, திகதியை வெறுமையாக விட்டு, காசை எண்ணிக்கொண்டு வந்துவிடுகிறோம், அதுதான் ஓபன் பேப்பர். வாங்கியவரைப் பிடியுங்கள், விற்ற கடதாசியின் பிரதியோடு பொலிஸுக்குப் போய் வாக்குமூலம் கொடுங்கள், கைமாற்றத்தை முடியுங்கள். இன்றைக்குத் தண்டம், நாளைக்கு அந்தக் காரில் கஞ்சா பிடிபட்டால் முதலில் தட்டப்படும் கதவு உங்களுடையது.

வாழைச்சேனை: ஹெல்மெட் போட்டா நம்மள அடையாளம் காணாதுதானே?

இது முகத்தை வாசிப்பதில்லை. ஹெல்மெட்டை வேறு காரணத்துக்காகப் போடுங்கள்.

அக்கரைப்பற்று, மாணவி: சேர், இலங்கையில் இதற்கு ஏதாவது சட்டம் இருக்கிறதா?

நல்ல கேள்வி தங்கச்சி. நம்பர் பிளேட் கமராவுக்கென்று தனிச் சட்டம் இல்லை. இருப்பது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். அரச நிறுவனங்களையும் அது கட்டுப்படுத்தும். தேவைக்கு மேல் சேர்க்காதே, சேர்த்த நோக்கத்துக்கு அப்பால் பாவிக்காதே, தேவை முடிந்தால் வைத்திருக்காதே என்பது அதன் சாரம். தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை ஒன்றும் உண்டு. ஆனால் சட்டத்தின் பெரும்பகுதி 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியது, தள்ளிவைத்தார்கள். தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு, குற்றப் புலனாய்வு என்று விதிவிலக்குகளும் இருக்கின்றன. அந்த விதிவிலக்குகூட அவசியமானதாகவும் அளவுக்கு மிஞ்சாததாகவும் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்த வசனத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கத்துக்குத் தனி உறுப்புரை கிடையாது. அதனால் சமத்துவம், நடமாடும் சுதந்திரம் போன்றவற்றைப் பிடித்துக்கொண்டுதான் உயர் நீதிமன்றம் போக வேண்டும், அதுவும் ஒரு மாதத்துக்குள்.

கண்காணிப்பு வேலைசெய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். இங்கிலாந்தில் றோய்ஸ்டன் என்றொரு சின்ன நகரம். ஊருக்குள் நுழையும் வெளியேறும் வழிகளில் பொலிஸ் ஏழு கமரா வைத்தது. பதிவாகாமல் யாரும் ஊருக்குள் வர முடியாது. அந்நாட்டுத் தகவல் ஆணையாளர் 2013இல் அது அளவுக்கு மிஞ்சியது, சட்டவிரோதம் என்று பொலிஸுக்கு எதிராக அமலாக்க அறிவித்தல் கொடுத்தார். பொலிஸிடம் சரியான நியாயம் எழுத்தில் இல்லை என்பதுதான் அங்கே அடிபட்டது.

கல்முனை: ஓபன் பேப்பரில் வாங்கின பைக். பிரச்சினை வருமா?

ஏறாவூர்க்காரருக்குச் சொன்னதை வாசியுங்கள். நீங்கள் அந்தக் கதையின் மறுபக்கம்.

தம்பிலுவில், ஓய்வுபெற்ற சார்ஜன்ட்: தம்பி, நீங்க ஆக்களை வெருட்டுறீங்க. ராவில ஒருத்தன அடிச்சிப் போட்டுட்டு வாகனம் தப்பிப் போகுது. பெர்மிட் இல்லாம மண் டிப்பர் ஓடுது. மாட்டைக் களவெடுத்து லொறியில ஏத்துறான். கமரா இருந்தா அடுத்த ஊரில பிடிக்கலாம். தப்புச் செய்யாதவன் ஏன் பயப்படணும்?

ஐயா, நீங்கள் சொன்ன மூன்றும் நியாயம். களவுபோன வண்டியைப் பிடிக்க இதைவிட நல்ல கருவி இல்லை. என் சண்டை கமராவோடு அல்ல, பதிவுகளின் குவியலோடு. ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2018 டிசம்பரில் சொன்னது இதைத்தான்: பட்டியலில் இல்லாத வண்டியின் எண்ணை வாசித்துப் பார்ப்பதே ஒரு தலையீடு, பொருந்தாவிட்டால் உடனே அழிக்க வேண்டும். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலச் சட்டம் அதற்கு மூன்று நிமிடம் கொடுக்கிறது. பிரித்தானியப் பொலிஸ் 12 மாதம் வைத்திருக்கிறது. அதே கருவிதான், எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

தப்புச் செய்யாதவன் என்றீர்கள். கன்சாஸ் மாநிலத்தில் ஒரு பொலிஸ் அதிகாரி பிரிந்துபோன மனைவியின் கார் எங்கே நிற்கிறது என்று இந்தக் கமராக்களில் தேடி மாட்டினார். அந்தப் பெண் என்ன தப்புச் செய்தார்?

அதே சார்ஜன்ட்: மூணு நிமிசத்தில அழிச்சா அடிச்சிட்டு ஓடினவன எப்பிடித் தேடுற? முறைப்பாடே காலையிலதான் வரும். மாட்டுக்காரன் ரெண்டு கிழமை கழிச்சித்தான் வருவான்.

சரி, இது அனுபவத்தில் வரும் பேச்சு. மூன்று நிமிடம் நமக்குப் போதாது, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் நாளைக் கணக்கிட்டுச் சொல்லுங்கள்: விபத்துக்கு இத்தனை நாள், களவுக்கு இத்தனை நாள், காரணம் இது. அதை எழுதி வெளியே ஒட்டுங்கள். தேடுகிறவர் தன் பெயர், முறைப்பாட்டு இலக்கம், நேரம் பதிந்த பிறகே தேட முடிய வேண்டும். அந்தப் பதிவை நிலையத்துக்கு வெளியே உள்ள ஒருவர் பார்க்க வேண்டும். இதில் எது கள்ளனுக்கு உதவி?

காத்தான்குடி, ஆசிரியர்: நாள் கணக்கு ஒரு பக்கம். கமராவ எங்க வைக்கிறாங்க எண்டதுதான் எங்கட கவலை. எங்கட ஊர் வாசலில மட்டும் வச்சா?

இது மேலே உள்ள எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் இது நடந்தது. உங்கள் ஊர்போல முஸ்லிம்கள் அதிகம் வாழும் ஸ்பார்க்புறூக், வொஷ்வுட் ஹீத் பகுதிகளைச் சுற்றி இருநூறுக்கு மேற்பட்ட கமராக்கள், அதில் எழுபதுக்கு மேல் மறைத்துவைத்தவை. மக்களுக்குச் சொன்ன காரணம் சாதாரணக் குற்றத் தடுப்பு. பணம் வந்தது பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து. 2010இல் விசயம் வெளியே வந்து, வேறொரு பொலிஸ் பிரிவின் தலைவர் விசாரித்துக் கடுமையான அறிக்கை கொடுத்து, கடைசியில் கமராக்களைக் கழற்றினார்கள். பொலிஸ் இழந்த நம்பிக்கை கமராவைக் கழற்றியதால் திரும்பி வரவில்லை.

சார்ஜன்ட்: 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு நடந்த பிறகும் இப்பிடிப் பேசலாமா தம்பி? சீயோன் தேவாலயத்தில செத்த பிள்ளைகள நினைச்சுப் பாருங்க.

நினைக்காமல் மட்டக்களப்பில் யாரும் இல்லை, ஐயா. ஆனால் அன்றைக்குத் தகவல் குறைவாகவா இருந்தது? முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் உரியவர்கள் நடவடிக்கை எடுக்கத் தவறினார்கள் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்து, அவர்களை நட்டஈடு கட்டச் சொன்னது. கையில் வந்த தாளை வாசிக்காதவர்களுக்கு இன்னும் லட்சம் தாள் கொடுத்து என்ன பயன்? ஒரு ஊரின் வாசலில் மட்டும் கமரா வைத்தால், அந்த ஊரில் தகவல் சொல்ல வருகிறவரும் வராமல் போவார். இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

(இதற்குக் கீழே ஆசிரியரும் சார்ஜன்டுமாக இன்னும் நிறையப் பேசினார்கள். ஆசிரியர் பக்கம் சேர்ந்தவர்கள், சார்ஜன்ட் பக்கம் சேர்ந்தவர்கள் என்று என் கேள்வி பதிலே காணாமல் போய்விட்டது. ஒருவரையொருவர் ஊர் பெயர் சொல்லித் திட்டியவற்றை நீக்கிவிட்டேன்.)

களுவாஞ்சிகுடி: பிளேட்டுக்கு அடிக்கிற ஸ்பிரே ஒண்டு விக்கிறாங்களாம், கமராவில தெரியாதாம்?

காசு வீண். பிடிபட்டால் எண்ணை மறைத்த குற்றமும் சேரும்.

வவுணதீவு: லீசிங் கட்டாத பைக்க இதை வச்சித் தூக்குவாங்களா?

அமெரிக்காவில் தனியார் கம்பனிகள் தங்கள் கார்களில் இந்தக் கமராவைப் பூட்டி, தெருத் தெருவாக ஓடி எண்களைச் சேர்த்து, கடன் கட்டாத வண்டிகளைத் தேடுகிறவர்களுக்கு விற்கின்றன. ஆகவே கருவி பொலிஸ் கையில் மட்டும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். இங்கே லீசிங் ஆட்களுக்குச் சந்திக் கடையில் ஒரு பிளேன் டீயே போதும், எல்லாத் தகவலும் வந்துவிடும். தவணை கட்ட முடியாவிட்டால் ஒளிப்பதைவிடக் கம்பனியோடு பேசுவது நல்லது.

பொத்துவில்: கமரா பிழையா வாசிச்சா?

வாசிக்கும். 8ஐ பீ என்றும், சைபரை ஓ என்றும் எடுக்கும். நம் நாட்டில் பழைய சிங்கள ஸ்ரீ தகடு, எண் மட்டும் உள்ள தகடு, ஆங்கில எழுத்துத் தகடு, மாகாணக் குறி உள்ளது, இல்லாதது எல்லாம் ஒரே ரோட்டில் ஓடுகின்றன. மோட்டார் சைக்கிளில் இரண்டு வரி வேறு. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுச் சரி என்று விற்பவர் சொல்வார். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் வண்டி போகிற ரோடு என்றால் இருநூறு பிழை.

வாசிப்புச் சரியாக இருந்தும் ஆள் பிழையாகலாம். 2020இல் அமெரிக்காவின் ஒரோரா நகரில் ஒரு தாயையும் சிறுமிகளையும் துப்பாக்கி காட்டி நிலத்தில் படுக்கவைத்தார்கள். களவுபோனது வேறு மாநிலத்து மோட்டார் சைக்கிள், எண் மட்டும் ஒன்று. கமரா சொன்னதைக் கண்ணால் ஒருமுறை சரிபார்த்திருந்தால் போதும். உங்களை நிறுத்தினால் படத்தைக் காட்டச் சொல்லி மரியாதையாகக் கேளுங்கள். வண்டியின் நிறம், ரகம், எண் மூன்றையும் ஒப்பிடச் சொல்லுங்கள். வாக்குவாதம் வேண்டாம். நடத்தை சரியில்லை என்றால் தேசிய பொலிஸ் ஆணைக்குழு இருக்கிறது. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகம் உண்டு.

நிந்தவூர்: ஓபன் பேப்பர்...

இல்லை. மேலே.

கிரான்: எழுத்தில கேளுங்க எண்டீங்களே, எப்பிடி? பொலிஸுக்குள்ள போய்க் கடிதம் குடுக்கப் பயமா இருக்கு.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டம். காரணம் சொல்ல வேண்டியதில்லை, தமிழிலேயே எழுதலாம். பொலிஸ் திணைக்களத்தின் தகவல் உத்தியோகத்தர் என்று விலாசமிடுங்கள். கமரா எந்தக் கம்பனி செய்தது, எவ்வளவு விலை என்றெல்லாம் கேட்டு நீட்டாதீர்கள். இந்தப் பொலிஸ் பிரிவில் வாகன எண்ணைத் தானாக வாசிக்கும் கமரா உண்டா, பதிவுகளை எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள், பார்க்க அனுமதி உள்ள பதவிகள் எவை, வேறு எந்த நிறுவனத்துக்குக் கொடுக்கிறீர்கள், இதற்கான எழுத்துமூல நடைமுறையின் பிரதி வேண்டும். ஐந்து வரி போதும். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தேசிய பாதுகாப்பு என்று மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவலறியும் உரிமை ஆணைக்குழு. மறைக்க வேண்டிய பகுதியை நீக்கிவிட்டு மீதியைத் தரலாம் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது, அதைக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

நிலையத்துக்குள் போகவே வேண்டாம். பதிவுத் தபாலில் போடுங்கள், பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு குத்தி வையுங்கள்.