பதில்: மூன்று ஆபரேட்டர்களை வைத்து இரவு ஷிப்ட் பட்டியல்

வணக்கம்ங்க. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்கு ஷிப்ட் பட்டியல் போட ஒரு வாரமாக எக்செலில் போராடியும் பொருந்தவில்லை, எங்கே தப்பு என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மேல் தப்பே இல்லை. நீங்கள் கொடுத்த ஆறு நிபந்தனைகளில் இரண்டை மட்டும் பாருங்கள்: தினமும் இரவு இரண்டு பாய்லர் ஆபரேட்டர்கள் வேண்டும், ஒருவரே அடுத்தடுத்து இரண்டு இரவு வரக்கூடாது. ஞாயிறு இரவுக்கு இருவர், திங்கள் இரவுக்கு வேறு இருவர். நான்கு பேர் தேவை, இருப்பது மூவர். எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் வராது.

இந்த மாதிரி முட்டலைக் கண்டுபிடிக்கவே இசட்3 என்ற நிரல் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சில் உருவானது, இலவசம், பைத்தான் நிரல்மொழியிலிருந்தே ஓட்டலாம். ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு பெயர் வைத்துக் கொடுங்கள். வழி இருந்தால் பட்டியலையே தரும். இல்லாவிட்டால் 'அன்சாட்', அதாவது எல்லாவற்றையும் ஒருசேர நிறைவேற்ற முடியாது என்று சொல்லும். கேட்டால் எந்தெந்த நிபந்தனைகள் சேர்ந்து முட்டுகின்றன என்று பெயரோடு காட்டும். எனக்கு இதுதான் பெரிய உதவியாகப் படுகிறது. முட்டும் நிபந்தனைகளின் அந்த வரிசையில் சில சமயம் தேவையில்லாத ஒன்றும் ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொன்றாக நீக்கி மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

எதைத் தளர்த்துவது என்பதை நிரல் சொல்லாது. பெங்களூரா மாங்காய் லோடு குவியும் சீசனில் ஆளைத் தொடர்ந்து கண்விழிக்க வைக்காதீர்கள், பாய்லர் வேலை அது. நான்காவது ஆபரேட்டரைக் கேளுங்கள். முதலாளியிடம் இந்தக் கணக்கையே காட்டலாம்.