லேபிள் ஒட்டிய பிறகு ஏறும் கட்டணம்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல். இணையத்தில் எடையைச் சொல்லிக் கட்டணம் கட்டி, அதற்கான லேபிளை (கட்டணச் சீட்டை) வாங்கி ஒட்டிப் பார்சல் அனுப்புகிறார்கள். அது போய்ச் சேர்ந்த பிறகு "எடை வித்தியாசம்" என்று கணக்கிலிருந்து பணம் போகிறது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த வாரத்துக்கு ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: கம்பளி நூலில் பொம்மை பின்னி விற்கிறேன். பெட்டியோடு சேர்த்து 1.8 கிலோ. 2 கிலோவுக்கு லேபிள் வாங்கினேன். ஒன்பது நாள் கழித்து 6 கிலோவுக்கான கட்டணத்தைப் பிடித்துவிட்டார்கள். பொம்மைக்குள் கல்லையா வைத்துத் தைத்தேன்?

பதில்: கல் இல்லை, காற்று. பெட்டியின் அளவைக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள்: 40, 30, 25 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கினால் 30,000. கூரியர் நிறுவனங்கள் பலவும் அதை 5,000ஆல் வகுக்கும். வருவது 6. இதுதான் கன அளவு எடை. தராசு காட்டும் எடை, இந்த எடை, இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். பஞ்சு மூட்டை லாரியை அடைத்துக்கொண்டால் இரும்புக்கு இடமில்லாமல் போகுமே என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் ஃபெடெக்ஸும் யூபிஎஸ்ஸும் தரைவழிப் பார்சல்களில் பெரிய பெட்டிகளுக்கு மட்டும் போட்டுவந்த இந்தக் கணக்கை 2015 வாக்கில் எல்லாப் பெட்டிகளுக்கும் கொண்டுவந்தன. வகுக்கும் எண் இடத்துக்கு இடம் மாறும். அது குறையக் குறைய உங்கள் செலவு ஏறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பொம்மை நசுங்கினாலும் நிமிர்ந்துகொள்ளும். 30, 25, 12 அளவுள்ள பெட்டியில் அழுத்தி வைத்தால் கணக்கு 1.8இல் நின்றுவிடும். ஆனால் மூடி புடைக்கக் கூடாது. இயந்திரம் பெட்டியில் அச்சடித்த அளவைப் படிப்பதில்லை. புடைப்பின் உச்சியை அளக்கிறது. உயரம் 12க்குப் பதில் 14 ஆனால் 2.1 கிலோ. அரைக் கிலோ அரைக் கிலோவாக ஏறும் கட்டணமென்றால் நீங்கள் கட்டுவது 2.5 கிலோவுக்கு. இரண்டு சென்டிமீட்டர் புடைப்பின் விலை அது. நாடாவை ஓரத்தில் வைக்காமல் வயிற்றில் வைத்து அளந்து பாருங்கள்.

கேள்வி: எடைபோட நேரமில்லாததால் எல்லாப் பார்சலுக்கும் அரைக் கிலோ என்றே போட்டுவந்தேன். மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லை. இப்போது 41 பார்சலுக்கும் சேர்த்துப் பிடித்துவிட்டார்கள். இது அநியாயம் இல்லையா?

பதில்: இல்லை.

கேள்வி: ஒரே தொகுதிப் புத்தகங்கள், ஒரே அளவுப் பெட்டி, எடை 2.3 கிலோ. பதினான்கு பார்சல் அனுப்பியதில் ஒன்றுக்கு மட்டும் 4.5 கிலோ என்று பிடித்தம். படங்களோடு முறையிட்டேன். "பரிசீலித்தோம், பிடித்தம் சரியே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

பதில்: உங்களை நம்புகிறேன். புத்தகம் வழியில் குட்டி போடாது.

நடந்திருக்கக்கூடியது இது. ஓடும் பட்டையின் மேல் பார்சல் போகும்போதே கேமராவும் லேசரும் அதை அளக்கின்றன. பக்கத்துப் பார்சல் ஒட்டிக்கொண்டு வந்தாலோ, நாடா ஒன்று அவிழ்ந்து நீட்டிக்கொண்டிருந்தாலோ இயந்திரம் இரண்டையும் ஒன்றாக்கி அளந்துவிடும். இயந்திரம் தவறுவதில் எனக்குக் கோபமில்லை. அதன் தவறுக்கு நாம் சாட்சி தேட வேண்டியிருக்கிறதே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நம் எடை தவறு என்றால் நம்மைக் கேட்காமலே பணம் எடுக்கப்படுகிறது. அவர்கள் எடை தவறு என்றால் நாம் படம் எடுத்து, படிவம் நிரப்பி, குறித்த நாளுக்குள் கெஞ்ச வேண்டும். அந்த நாளோ பெரும்பாலும் பிடித்தம் நம் கண்ணில் படுவதற்குள் பாதி ஓடியிருக்கும். என் கணக்கிலும் ஒருமுறை பிடித்தார்கள். அளந்தபோது எடுத்த படத்தைக் காட்டுங்கள் என்று கேட்டேன். என் பெட்டி பழுப்பு நிறம். அவர்கள் அனுப்பிய படத்தில் இருந்தது வெள்ளைப் பை. பணம் திரும்பியது, மன்னிப்பு வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. நாம் 3 கிலோவுக்குக் கட்டி, பார்சல் 2 கிலோவாக இருந்தால்? லேபிள் விற்கும் பல தளங்கள் வாயே திறப்பதில்லை. செய்ய முடியாத காரியமா அது? அமெரிக்கத் தபால் துறை 2017இல் கொண்டுவந்த தானியங்கிச் சரிபார்ப்பில் குறைவாகக் கட்டியதைப் பிடிப்பதோடு அதிகமாகக் கட்டியதைத் திருப்பித் தரவும் வழி வைத்திருக்கிறார்கள். இரு பக்கமும் சாய்ந்தால்தான் அதற்குத் தராசு என்று பெயர்.

நீங்கள் மறுபடியும் எழுதுங்கள். இந்த முறை அவர்களுடைய இயந்திரம் எடுத்த படத்தையும், நீளம், அகலம், உயரம் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். மற்றப் பதின்மூன்று பார்சல்களின் கண்காணிப்பு எண்களை வரிசையாகக் கொடுங்கள். அவற்றை அளந்ததும் அவர்களுடைய இயந்திரங்கள்தான். அதற்கும் அசையவில்லை என்றால் நுகர்வோர் குறைதீர் அமைப்புக்குப் போங்கள். அதுவரை லேபிள் வாங்கும் தளத்தின் வாலட்டில், அதாவது முன்பணம் போட்டு வைக்கும் கணக்கில், அன்றாடத் தேவைக்கு மேல் பணம் வைக்காதீர்கள்.

கேள்வி: சமூக வலைத்தளத்தில் ஒருவர் பாதி விலைக்கு லேபிள் விற்கிறார். வாங்கலாமா?

பதில்: மொத்தமாக வாங்குபவர்களுக்குத் தள்ளுபடி உண்டு என்பது உண்மைதான். ஆனால் முகம் தெரியாதவர், தனிச்செய்தியில், பாதி விலைக்கு! கேள்வியை எழுதும்போதே உங்களுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். போலி லேபிள் ஒட்டிய பார்சலைக் கைவிடப்பட்ட பொருளாகவே கருதுவோம் என்று 2023இல் அமெரிக்கத் தபால் துறை விதி போட்டது. திருப்பி அனுப்பவும் மாட்டார்கள். லேபிளோடு பொருளும் போகும், பொருளுக்குப் பணம் கட்டியவர் உங்கள் வாசலில் வந்து நிற்பார்.

கேள்வி: "தபால் கட்டணம் குறைவு, பார்சல் நிறுத்தப்பட்டுள்ளது" என்று அம்மாவுக்கு ஒரு குறுஞ்செய்தி. இணைப்பைத் தட்டிச் சிறு தொகை கட்டினார். அன்றிரவே அட்டையிலிருந்து பெருந்தொகை போய்விட்டது. அம்மா சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

பதில்: முதலில் அம்மாவின் பக்கத்தில் உட்காருங்கள். பார்சலை எதிர்பார்த்துக் காத்திருப்பவரிடம் பார்சலைப் பற்றியே பேசினால் யாரும் ஏமாறுவார்கள், நானும்தான். பிறகு தாமதிக்காமல் வங்கியை அழைத்து அட்டையை முடக்குங்கள். புகாரை எழுத்தில் கொடுத்துப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இணையக் குற்றப் பிரிவுக் காவல்துறையிலும் பதிவு செய்யுங்கள். இதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அந்தச் சிறு தொகை வெறும் தூண்டில்தான். அவர்களுக்கு வேண்டியிருந்தது அட்டையின் எண்கள். இணையத்தில் வாங்கிய லேபிளில் எடை வித்தியாசம் வந்தால் பணம் போவது லேபிள் வாங்கியவரின் கணக்கிலிருந்து. பெறுபவருக்கு உண்மையிலேயே ஏதாவது நிலுவை இருந்தால், நிறுவனத்தின் தளத்தை நீங்களே திறந்து கண்காணிப்பு எண்ணைத் தட்டினால் தெரிந்துவிடும். குறுஞ்செய்தியில் வந்த இணைப்பு வழியாகப் போக வேண்டியதே இல்லை.

கேள்வி: பார்சல் எடைபோட எந்தத் தராசு வாங்கலாம்?

பதில்: நான் வாங்கியதை வாங்காதீர்கள். கொக்கியில் தொங்கவிடும் தராசு ஒன்றை மலிவு என்று வாங்கினேன். காலையில் 1.9 காட்டிய பெட்டி மாலையில் 2.2 காட்டியது. அது தெரிவதற்குள் நான்கு பார்சல் அனுப்பியிருந்தேன், நான்குக்கும் பிடித்தம். தட்டையான மேடையுள்ள மின்னணுத் தராசு போதும். மெத்தை விரிப்பின் மேல் வைக்காமல் கெட்டியான தரையில் வையுங்கள். பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்கி ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். 1 கிலோவை ஒட்டிக் காட்ட வேண்டும். டேப், லேபிள் எல்லாம் ஒட்டி முடித்த பிறகு எடைபோட்டு, எண்ணும் லேபிளும் தெரிகிறபடி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: துணிமணி அனுப்பப் பெட்டி நல்லதா, பையா?

பதில்: பைதான். ஒரே அளவுப் பெட்டி நூறு வாங்கினால் சல்லிசு என்று நானும் ஒரு காலத்தில் வாங்கிப்போட்டேன். எதை வைத்தாலும் பாதி காலியாகவே கிடக்கும். இன்னும் முப்பது பரணில் இருக்கின்றன. யாராவது நேரில் வந்தால் கொடுத்துவிடுவேன். பார்சலில் அனுப்பச் சொல்லாதீர்கள்.