வாசகர் கேள்வி - பதில்: நிண்டெண்டோவும் ஆன்லைனும்

கேள்வி: மரியோ, செல்டா என்று இத்தனை பெரிய கேம்களைக் கொடுத்த நிண்டெண்டோ, ஆன்லைன் விஷயத்தில் மட்டும் எப்போதும் மற்றவர்களுக்குப் பின்னால் நின்றது ஏன்? இன்டர்நெட் வரப்போவது அவர்களுக்குத் தெரியவில்லையா?

பதில்: நன்றாகவே தெரிந்திருந்தது. யாரும் யோசிக்காத காலத்திலேயே இறங்கிப் பார்த்தவர்கள் அவர்கள். 1988-ல் ஜப்பானில், டிவியில் மாட்டி ஆடும் தங்கள் ஃபாமிகாம் கேம் பெட்டிக்கு, தொலைபேசி லைன் வழியாக இணைக்கும் மோடம் கொண்டுவந்தார்கள். நோமுரா செக்யூரிட்டீஸ் கம்பெனியோடு சேர்ந்து, வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்தபடியே ஷேர் வாங்கலாம், விற்கலாம் என்று ஏற்பாடு. அப்புறம் குதிரைப் பந்தயத்துக்கும் அதிலேயே பணம் கட்ட முடிந்தது. சாதாரணக் குடும்பங்களில் எடுபடவில்லை.

1995-ல் அடுத்தது, சாட்டலாவியூ. ஃபாமிகாமுக்கு அடுத்து வந்த சூப்பர் ஃபாமிகாம் பெட்டிக்கு அடியில் மாட்டும் கருவி, செயற்கைக்கோள் வழியாக கேம் இறங்கும். எனக்கு இதன்மேல் தனிப் பிரியம் உண்டு. செல்டாவை ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு ஒளிபரப்புவார்கள், அந்த நேரத்தில் எல்லோரும் அவரவர் வீட்டில் பெட்டியைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும், நீங்கள் விளையாடிக்கொண்டிருக்கும்போதே ரேடியோ நாடகம் மாதிரி பின்னணிக் குரல் வந்துகொண்டிருக்கும், நேரம் முடிந்தால் அன்றைய ஆட்டமும் முடிந்தது! அதுவும் 2000-ல் நின்றுபோனது. 1999 டிசம்பரில் அடுத்த பெட்டியான நிண்டெண்டோ 64-க்காக ராண்ட்நெட் என்று ஒரு ஆன்லைன் சேவை, 2001 பிப்ரவரியில் அதற்கும் மூடுவிழா.

மூன்று தடவை இப்படி ஆனபிறகு சூடு கண்ட பூனை கதைதான். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்ட பாடம் தப்பு என்பது என் கருத்து. மூன்றுக்குமே தனியாகக் காசு கொடுத்து உதிரிக் கருவி வாங்கி மாட்ட வேண்டும், அதுவும் ஜப்பானில் மட்டும். கன்சோல், அதாவது கேம் பெட்டி, வாங்கியவர்களில் கொஞ்சம் பேர்தான் அதை வாங்குவார்கள், அந்தக் கொஞ்சம் பேருக்காக யார் கேம் எழுதுவார்கள்? மைக்ரோசாஃப்ட் 2001-ல் எக்ஸ்பாக்ஸ் பெட்டிக்குள்ளேயே நெட்வொர்க் சாக்கெட் வைத்தது, அடுத்த ஆண்டு நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் லைவ் என்ற ஆன்லைன் சேவை வந்தது. எல்லா கேமுக்கும் ஒரே பெயர், ஒரே நண்பர் பட்டியல், காதில் ஒரு ஹெட்செட். அதே காலத்தில் வந்த நிண்டெண்டோவின் கேம்கியூப் பெட்டிக்கு மறுபடியும் உதிரி அடாப்டர். செகாவின் ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைன் வரிசையை விட்டால் அதில் ஆன்லைனில் விளையாடச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. 2003-ல் வந்த மரியோ கார்ட் டபுள் டாஷ் விளையாட்டில் கன்சோல்களைக் கேபிளால் இணைத்து ஒரே வீட்டுக்குள் ஆடலாம், வீட்டு வாசலைத் தாண்ட முடியாது.

இன்னொரு காரணம் அவர்களுடைய ரத்தத்திலேயே இருக்கிறது. 1889-ல் கியோட்டோவில் ஹனாஃபுடா சீட்டுக்கட்டு செய்து தொடங்கிய கம்பெனி அது. நாலு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து ஆடுவதுதான் விளையாட்டு என்று மனதார நம்பியவர்கள். நிண்டெண்டோ 64-ன் முகப்பில் நாலு கன்ட்ரோலர் சாக்கெட்டை வரிசையாக வைத்ததைப் பார்த்தாலே புரியும். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் நண்பன் வேறு ஊருக்குக் குடிபோய்விட்ட பிள்ளைக்கு அதில் பதில் இல்லையே.

கேள்வி: ஃபிரெண்ட் கோடு என்று ஒன்று இருந்ததாமே, அது என்ன அவ்வளவு தொல்லையா?

பதில்: ஆமாம். 2005 நவம்பரில், டிஎஸ் என்ற கையடக்கக் கருவிக்கான மரியோ கார்ட் டிஎஸ் விளையாட்டோடு, வைஃபை கனெக்‌ஷன் என்ற ஆன்லைன் சேவை வந்தது, அதுவும் இலவசமாக. அதை முதலில் பாராட்டிவிடுகிறேன். ஆனால் நண்பரோடு ஆட வேண்டுமானால் அவருடைய 12 இலக்க எண்ணை, அதுதான் ஃபிரெண்ட் கோடு, வாங்கி அந்தக் குட்டித் திரையில் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். அது போதாது, அவரும் உங்கள் எண்ணைத் தட்டியிருக்க வேண்டும். ஒருவர் மறந்தாலும் இருவருக்கும் இல்லை. அடுத்த கேம் வாங்கினால் அதற்கு வேறு எண், திரும்ப முதலிலிருந்து. 2011-ல் அடுத்த கையடக்கக் கருவியான 3டிஎஸ் வந்தபோதுதான் பெட்டிக்கு ஒரு எண் என்று குறைந்தது.

குழந்தைகளை முன்பின் தெரியாதவர்கள் அணுகிவிடக் கூடாது என்பதுதான் இத்தனைக்கும் காரணம். வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது. 3டிஎஸ்ஸில் கையால் எழுதி, படம் ஒட்டி அனுப்பும் ஸ்வாப்நோட் இருந்ததே, பிள்ளைகள் தங்கள் எண்ணை வெளியிடங்களில் பகிர்ந்து, வேண்டாத படங்கள் வரத் தொடங்கியதும் 2013-ல் இணையம் வழியாக அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். சரிதான். ஆனால் பெற்றோர் கையில் பூட்டைக் கொடுத்திருந்தால் போதுமே. வயது வந்தவர்களையும் சேர்த்து எல்லோரையும் கட்டிப்போட்டிருக்க வேண்டியதில்லை.

கேள்வி: முன்பு இலவசமாக இருந்ததற்கு இப்போது சந்தா கட்டச் சொல்வது நியாயமா?

பதில்: 2018 செப்டம்பரில், ஸ்விட்ச் கன்சோலில் ஆன்லைனில் ஆடுவதற்குச் சந்தா வந்தது, ஜப்பானில் வருஷத்துக்கு 2,400 யென், அமெரிக்காவில் சுமார் 20 டாலர். மற்ற கன்சோல்களோடு ஒப்பிட்டால் குறைவு. பழைய கேம்கள் கிடைக்கின்றன, சேவ் பண்ணியது கிளவுடில் பத்திரமாக இருக்கிறது (ஸ்ப்ளாட்டூன் 2 மாதிரி சிலவற்றுக்குக் கிடையாது, அது எனக்கு இன்றும் வருத்தம்). கோடிக்கணக்கானவர்கள் கட்டுகிறார்கள்.

என் கோபம் காசில் இல்லை. பல கேம்களில் நடுவில் கம்பெனியின் சர்வர் இல்லாமல் விளையாடுகிறவர்களின் கன்சோல்களே ஒன்றோடொன்று நேராகப் பேசிக்கொள்கின்றன. ஒருவருடைய இணைப்பு மந்தமானால் எல்லோருக்கும் ஆட்டம் திக்குகிறது. இதில் முதலில் வந்த ஸ்விட்ச்சின் டாக்கில் (டிவியோடு இணைக்கும் தாங்கி) இணையக் கேபிள் மாட்ட லேன் சாக்கெட்கூடக் கிடையாது, 2021-ல் ஓலெட் மாடலோடுதான் வந்தது. சந்தா வாங்கிக்கொண்டு இப்படி விடலாமா?

கேள்வி: செல்போன் கேம் பக்கம் வந்தது எப்படி?

பதில்: 2015 மார்ச்சில், அப்போதைய தலைவர் சதோரு இவாட்டா, டிஎன்ஏ என்ற ஜப்பானிய மொபைல் கம்பெனியோடு கைகோத்தார். 2016 டிசம்பரில் சூப்பர் மரியோ ரன் ஐபோனுக்கு வந்தது. ஆனால் அந்தக் கூட்டணியில் எனக்கு முக்கியமாகப் படுவது கேம்கள் இல்லை, நிண்டெண்டோ அக்கவுண்ட்தான். வீ (Wii) என்ற பழைய கன்சோல் காலத்தில் நீங்கள் காசு கொடுத்து இறக்கிய கேம் உங்களுக்குச் சொந்தமாக இருக்காது, பெட்டிக்குத்தான் சொந்தம். பெட்டி தொலைந்தால் அல்லது கெட்டுப்போனால் வாங்கியதைத் திரும்பப் பெறப் பெரும்பாடு. இப்போது புது ஸ்விட்ச்சில் அக்கவுண்டைப் போட்டால் வாங்கியதெல்லாம் வந்து நிற்கிறது. நிண்டெண்டோ நிஜமாக ஆன்லைனுக்கு வந்த நாள் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கேள்வி: ஸ்விட்ச் 2-ல் எல்லாம் சரியாகிவிட்டதா?

பதில்: பேசுவது சரியாகிவிட்டது. 2017-ல் ஸ்ப்ளாட்டூன் 2 ஆடும்போது நண்பரோடு பேச வேண்டுமானால் செல்போனில் தனி ஆப் திறக்க வேண்டியிருந்தது. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-ல் மைக் உள்ளேயே இருக்கிறது, சி பட்டனை அமுக்கினால் 12 பேர் வரை பேசலாம். 16 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஆப் மூலம் அனுமதிக்க வேண்டும். நான் மேலே சொன்ன பூட்டு இதுதான், இதை முன்பே செய்திருக்கலாம்.

கேள்வி: என்னிடம் பழைய 3டிஎஸ் இருக்கிறது. அதில் இனி என்ன செய்யலாம்?

பதில்: புதிதாக எதுவும் வாங்க முடியாது, 3டிஎஸ், வீ யூ கன்சோல்களுக்கான ஆன்லைன் கடையான இ-ஷாப்பை 2023 மார்ச்சில் மூடிவிட்டார்கள். 2024 ஏப்ரலில் ஆன்லைன் ஆட்டமும் நின்றுவிட்டது. ஏற்கெனவே வாங்கியதை மறுபடி இறக்கிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள், ஆனால் எதுவரை என்று தேதி கொடுக்கவில்லை. அதனால் தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே சார்ஜ் போட்டு, வைஃபையில் இணைத்து, இ-ஷாப்புக்குள் போய் நீங்கள் வாங்கியவற்றின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றாக எஸ்டி கார்டில் இறக்கி வையுங்கள். பிறகு அந்தக் கார்டை அப்படியே கணினியில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.