டீசல் லாரி சூடானதும் நின்றுபோகிறது, டீசல் பம்ப்பை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

மாற்றாதீர்கள். இதைப் படித்து முடிக்கும்வரையாவது பொறுங்கள்.

ஓடும்போதே சட்டென்று அணைகிறது, அரைமணி ஆறவிட்டால் ஸ்டார்ட் ஆகிறது, ஸ்கேனரில் பி0200, அதாவது இஞ்செக்டர் சர்க்யூட்டில் கோளாறு என்னும் எண், வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுடையதும் ஜப்பானிலிருந்து வந்த பழைய டொயோட்டா டைனா, 1கேடி இஞ்சின் என்றே வைத்துக்கொள்கிறேன். அதே வண்டி, அதே நோய். நான் ரங்கூனில் பட்டுத் தெளிந்தவன்.

எனக்கும் முதலில் பம்ப் என்றுதான் சொன்னார்கள். சொன்ன சயா (பர்மாவில் மேஸ்திரியை அப்படித்தான் கூப்பிடுவோம்) பெரிய பட்டறை வைத்திருப்பவர், எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. பழைய பம்ப் ஒன்றை வாங்கிப் போட்டோம். மூன்று நாள் நன்றாக ஓடியது. நாலாம் நாள் மறுபடி நின்றது. உடனே "இஞ்செக்டர் நாலும் போச்சு" என்றார். இஞ்செக்டர் என்பது இஞ்சினுக்குள் டீசலைத் தெளிப்பது. நாலு இஞ்செக்டர் ஒரே நிமிடத்தில் செத்து, அரைமணியில் ஒன்றாக உயிர்த்தெழுமா? அன்று எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

பிறகு ஏப்ரல் வெயிலில், பர்மாவின் புத்தாண்டுத் தண்ணீர்ப் பண்டிகையான திங்யானுக்கு முந்தின நாள், மெய்க்டிலாவிலிருந்து துவரை மூட்டை ஏற்றிக்கொண்டு பழைய ரோட்டில் இறங்கினேன். பின்மனா தாண்டி டவுங்கூ வருவதற்குள் ஐந்து தடவை நின்றது. டவுங்கூவில் டைனமோ கட்டும் நம்ம ஆள் ஒருவர், வயதானவர், கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார். பண்டிகைக்குப் பூட்டுகிறவரைக் கெஞ்சித் திறக்கவைத்தேன்.

அவர் பம்ப் பக்கமே போகவில்லை. சூட்டில் நின்றிருந்த வண்டியைக் கிராங்க் அடிக்கச் சொல்லி, ஸ்கேனரில் ரயில் பிரஷரை, அதாவது பம்ப் இஞ்செக்டர்களுக்கு அனுப்பும் டீசலின் அழுத்தத்தை, பார்த்தார். ஏறியது. "பம்ப் தன் வேலையைச் செய்யுதே தம்பி, தெளிக்கத்தான் ஆள் இல்லை" என்றார். செதில் செதிலாக இருக்கும் ஓர் அலுமினியப் பெட்டியைக் காட்டினார். அதுதான் இடியூ, இஞ்செக்டர் டிரைவர். சாக்கெட்டில் படாமல் ஈரத்துணியை அதன்மேல் போட்டார். ஐந்து நிமிடத்தில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. துணி போட்டும் எடுத்தும் இரண்டு தடவை செய்து காட்டினார்.

அது செய்யும் வேலை இதுதான். இஞ்செக்டர் நொடியில் திறக்க வேண்டுமானால் பேட்டரியின் 12 வோல்ட் போதாது. இந்தப் பெட்டி அதைப் பல மடங்கு ஏற்றி இஞ்செக்டருக்குக் கொடுக்கிறது. கொடுத்தேன் என்று ஒவ்வொரு தடவையும் இசியூவுக்கு (இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) திருப்பிச் சொல்லவும் செய்கிறது. அந்தப் பதில் வராவிட்டால் இசியூ டீசலை நிறுத்திவிட்டு பி0200 எழுதிவைக்கும். இஞ்சின் ஓடும்போது இஞ்செக்டர் ஒயரில் கைவைக்காதீர்கள், ஷாக் சாதாரணமாக இருக்காது.

வீடியோவில் 48 வோல்ட் அளக்கச் சொல்கிறார்கள், எனக்கு வரவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். அது அமெரிக்க ஃபோர்டு 6.0 பவர்ஸ்ட்ரோக் வண்டிக்கு. அதன் இஞ்செக்டர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது, அதன் பெட்டி 48 வோல்ட் கொடுக்க வேண்டும், 45க்குக் கீழே போனால் பெட்டி போகிறது என்று அர்த்தம். நம் வண்டி காமன் ரயில், ஒரே குழாயில் அழுத்தி வைத்த டீசலை எல்லா இஞ்செக்டருக்கும் கொடுப்பது. அந்தக் கணக்கு இங்கே செல்லாது.

பி0200 வந்தாலே பெட்டிதான் என்று நான் சொல்லவில்லை, அதைப் பிடித்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வரவேண்டாம். ஒயர் அறுந்தாலும், சாக்கெட்டில் பச்சை பிடித்தாலும், ஓர் இஞ்செக்டர் காயில் ஷார்ட் ஆனாலும் அதே எண் வரும். நாலு காயிலின் ஓமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று அளந்த பிறகுதான் பெரியவர் பெட்டியைக் குற்றம் சொன்னார்.

ஆனால் பெட்டி கிடைக்க வேண்டுமே! திங்யானுக்கு ரங்கூனில் ஒரு கடை திறந்திருக்காது. ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, நின்று நின்று, பெகு வந்து சேர மறுநாள் மதியமாகிவிட்டது. அன்று காலை பெகுவில் என் அக்கா மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் நான். சீர்த்தட்டு, பட்டுப்புடவை, வளையல் எல்லாம் லாரி கேபினில் என் பக்கத்திலேயே இருந்தன. பந்தல் பிரித்த பிறகு போய் நின்றேன். மச்சான் "லாரி மேல பழி போடாதே" என்றார். ஆறு வருஷமாகிறது, இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இதே மச்சான் வீடு கட்டும்போது செங்கலும் மணலும் வாடகை வாங்காமல் இழுத்துக் கொடுத்தவை என் லாரியும் என் டீசலும்தான். பிள்ளையைக்கூட என் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

சரி, உங்கள் வண்டிக்கு வருகிறேன். பழைய பெட்டி வாங்கினால் 89871 என்று தொடங்கும் நம்பர் கடைசி எழுத்துவரை ஒத்துப்போக வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கிறது என்று வாங்காதீர்கள். ஒவ்வொரு இஞ்செக்டருக்கும் உரிய குறியெண் இசியூவில்தான் இருக்கிறது, அதனால் பெட்டிக்குத் தனியாக எதுவும் எழுதவேண்டியதில்லை. பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு மாற்றுங்கள்.

அதற்கும் முன்னால், கிராங்க் அடிக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் இஞ்சின் பிளாக்குக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது எனக்கு ஒன்றைத் தாண்டியது. எர்த் ஒயர் முனை உள்ளுக்குள் அரித்துப்போயிருந்தது, பெட்டியைக் கொன்றது அதுதான் என்றார் பெரியவர். அதைச் சரிசெய்யாமல் புதுப் பெட்டியைப் போட்டிருந்தால் அதுவும் போயிருக்கும். உப்புத்தாள் வாங்கி முதலில் அந்த முனையைத் தேய்த்து, அளந்து, மீட்டர் காட்டும் வோல்ட்டை இங்கே எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.