லாப்ரடாருக்குக் காப்பீடு எடுக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து மாத லாப்ரடார் வளர்கிறான். காப்பீட்டு முகவர் ஒருவர், ‘மனிதர்களுக்கு இருப்பதுபோல நாய்க்கும் எல்லாச் செலவும் கிடைத்துவிடும்’ என்று சொல்லி ஆண்டுக்கு 6,000 ரூபாய் பிரீமியம் கேட்கிறார். காப்பீட்டுத் தொகை 50,000 ரூபாய். என் கணவரோ, அந்தப் பணத்தை மாதம் 500 ரூபாயாக ஆர்.டி.யில் போட்டால் நம் பணம் நம்மிடமே இருக்குமே என்கிறார். யார் சொல்வது சரி? – வாசகி, தாம்பரம்

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. முகவர் சொல்வதில் கால்வாசி சரி.

‘எல்லாச் செலவும்’ என்றாரே, அதை முதலில் ஒதுக்கிவையுங்கள். நாய்க்கான அடிப்படைப் பாலிசி பெரும்பாலும் இரண்டுக்குத்தான் பணம் தரும். ஒன்று அறுவை சிகிச்சை, இன்னொன்று மருத்துவமனையில் சேர்த்துப் பார்க்கும் வைத்தியம். புறநோயாளிச் செலவு, நாய் இறந்தால் இழப்பீடு, காணாமல் போனால் இழப்பீடு, பிறரைக் கடித்துவிட்டால் வரும் பொறுப்பு ஆகியவற்றையெல்லாம் கூடுதல் பிரீமியம் கட்டித் தனித்தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை அறுவை சிகிச்சை போன்ற வழக்கமான செலவுகள் கணக்கிலேயே வராது.

இப்போது நடைமுறைக்கு வருவோம். நம் ஊரில் நாய் வளர்ப்பவர்கள் எதற்காக மருத்துவரிடம் ஓடுகிறார்கள்? உண்ணிக் காய்ச்சல், காதில் சீழ், தோல் அரிப்பு, வயிற்றுப்போக்கு. நமது வெப்பத்தில் உண்ணிக்கு ஓய்வு காலம் என்று எதுவும் இல்லை. உண்ணி கடித்து எர்லிக்கியா கிருமி ஏறிவிட்டால் ரத்தப் பரிசோதனை, தட்டணு எண்ணிக்கை, நான்கு வாரம் டாக்ஸிசைக்ளின் மாத்திரை, பிறகு மறுபடியும் ரத்தப் பரிசோதனை என்று இழுத்துக்கொண்டே போகும். ஒவ்வொரு முறையும் ஆயிரம், இரண்டாயிரம் என்று கரையும். ஆனால் நாயை ஒரு நாள்கூட மருத்துவமனையில் சேர்த்திருக்க மாட்டீர்கள். அடிப்படைப் பாலிசியிலிருந்து ஒரு ரூபாயும் வராது. நாய்க் காப்பீடு எடுத்து ஏமாந்துபோனதாகப் புலம்பும் கடிதங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

அப்படியானால் காப்பீடு வீணா? அதுவும் இல்லை. மே மாதம். மாம்பழம் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு நீங்கள் கை கழுவப் போகிறீர்கள். திரும்பி வருவதற்குள் கொட்டையைக் காணோம். லாப்ரடார் மெல்லாது, விழுங்கும். மறுநாள் வாந்தி. அதற்கடுத்த நாள் தண்ணீர்கூட வயிற்றில் தங்காது. எக்ஸ்ரேயில் மாங்கொட்டை தெளிவாகத் தெரியாமலும் போகலாம் என்பதால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். சிறுகுடலில் சிக்கியிருந்தால் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும். அந்த இடத்தில் குடல் கறுத்திருந்தால் அவ்வளவையும் வெட்டிவிட்டு இரு முனைகளையும் சேர்த்துத் தைப்பார்கள். பிறகு சில நாட்கள் டிரிப்ஸ். தனியார் மருத்துவமனையில் இதற்கான பில் பத்தாயிரங்களில்தான் வரும். அதுவும் முன்பணம் கட்டச் சொல்வார்கள். பார்வோ வைரஸால் ரத்தக் கழிச்சல், சாலையில் வண்டி இடித்துத் தொடை எலும்பு முறிவு எல்லாம் இந்தக் கணக்கில் சேர்ந்தவை. அடிப்படைப் பாலிசி இப்படிப்பட்ட நாட்களுக்கானது.

உங்கள் கணவரின் ஆர்.டி.க்கு வருகிறேன். மாதம் 500 என்றால் எட்டாவது மாதத்தில் 4,000 ரூபாய் சேர்ந்திருக்கும். மாங்கொட்டை எட்டாவது மாதத்திலும் உள்ளே போகலாம், எட்டாவது வருடத்திலும் போகலாம். குட்டி நாயின் முதல் மூன்று நான்கு ஆண்டுகள் விபத்தும் விஷமமும் நிறைந்தவை. அந்த நேரத்தில் சேமிப்பு கையில் இருக்காது.

ஆனால் நாய்க்கு வயதாக வயதாகக் கணக்கு தலைகீழாகிவிடும். கட்டி, சிறுநீரகக் கோளாறு, இதய நோய், மூட்டுத் தேய்மானம் எல்லாம் எட்டு வயதுக்குப் பிறகுதான் வரிசையாக வரும். பெரும்பாலான பாலிசிகள் ஏறக்குறைய அந்த வயதில்தான் கதவைச் சாத்துகின்றன. பெரிய உடல்வாகு கொண்ட இனங்களுக்கு இன்னும் முன்பே. லாப்ரடார் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்கும். ஆக, அதிகச் செலவு வைக்கும் கடைசி ஆண்டுகளில் உங்கள் கையில் பாலிசி இருக்காது. கணவர் சொன்ன ஆர்.டி.தான் இருக்கும்.

அதனால் என் யோசனை இதுதான்: இளமைக்குப் பாலிசி, முதுமைக்கு ஆர்.டி. இரண்டையும் இன்றே தொடங்குங்கள். மாதம் 500 வேண்டாம், 300 போட்டாலும் போதும். பாலிசியில் அடிப்படைக் காப்பும், கடித்தால் வரும் பொறுப்புக்கான காப்பும் மட்டும் வாங்கினால் பிரீமியமும் இறங்கும். இறப்பு இழப்பீடு உங்களுக்குத் தேவையில்லை. அது நாயின் சந்தை விலையை வைத்துக் கணக்கிடப்படுவது; இனப்பெருக்கத் தொழில் செய்பவர்களுக்குப் பொருந்தும்.

1903இல் தொடங்கப்பட்டு, இன்று வேப்பேரியில் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைதான் உங்கள் வழக்கம் என்றால், காப்பீட்டுக்கான அவசரம் பாதியாகக் குறைந்துவிடும். அங்கே கட்டணம் தனியாரோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. காத்திருக்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளுக்கு அருகில் இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். ஆனால் தாம்பரத்திலிருந்து நள்ளிரவில் வாந்தி எடுக்கும் நாயைத் தூக்கிக்கொண்டு வேப்பேரி வரை போவீர்களா, பக்கத்துத் தெருத் தனியார் மருத்துவமனைக்குப் போவீர்களா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் விளம்பரத் தாளைப் படிக்காதீர்கள். முழுப் பாலிசி ஆவணத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். 50,000 என்பது மொத்தத் தொகை. ஒரு நோய்க்கு, ஒரு அறுவை சிகிச்சைக்கு இவ்வளவுதான் என்று உள்ளே தனி வரம்பு இருக்கலாம். பில்லில் ஒரு பங்கை நீங்களே ஏற்க வேண்டும் என்ற விதி இருக்கலாம். பாலிசி தொடங்கிய முதல் சில வாரங்களில் வரும் நோய்க்குப் பொதுவாகப் பணம் கிடையாது; காத்திருப்புக் காலம் என்பது இதைத்தான். பிறவிக் குறைபாடு, பரம்பரை நோய் விலக்கப்பட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். லாப்ரடாரின் இடுப்பு மூட்டுக் கோளாறு அந்த ஒரு வரியில்தான் அடிபட்டுப்போகும். தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். பூஸ்டர் ஊசியை ஒரு முறை தள்ளிப்போட்டுவிட்டு, பிறகு பார்வோ வந்து பணம் கேட்டால், நிறுவனம் முதலில் புரட்டுவது அந்த அட்டையைத்தான்.

கேள்வி: நாங்கள் வளர்ப்பது கன்னி நாய். ‘நாட்டு நாய்க்கெல்லாம் பாலிசி கிடையாது’ என்கிறார்கள். உண்மையா? – வாசகர், கோவில்பட்டி

பதில்: எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தும் பேச்சு அல்ல. சில நிறுவனங்கள் இனப் பட்டியல் வைத்திருக்கின்றன. சில நாட்டு இனங்களையும் கலப்பினங்களையும் உடல் அளவை வைத்து ஏற்கின்றன. மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு செல்லாது. ‘லாப் கலப்பு என்று போட்டுவிடலாம்’ என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடம் பாலிசி வாங்காதீர்கள். விண்ணப்பத்தில் இனத்தைப் பொய்யாகச் சொன்னால், நாளை கிளெய்ம் வரும்போது அதைக் காட்டியே மறுத்துவிடுவார்கள். ஓடும் நாயான கன்னிக்கு நோயைவிட முள்கம்பியும் வாகனமும்தான் ஆபத்து என்பதால், விபத்துச் சிகிச்சைக்கான வரம்பு எவ்வளவு என்பதை மட்டும் கறாராகப் பாருங்கள்.

கேள்வி: என் ஆறு வயதுப் பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் பிடித்து, அவசரமாக அறுவை சிகிச்சை செய்து கருப்பையை எடுத்தார்கள். பாலிசி எடுத்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டது. இருந்தும் ‘முன்பே இருந்த நோய்’ என்று சொல்லிப் பணம் தர மறுத்துவிட்டார்கள். மருத்துவரின் குறிப்பில் ‘இரண்டு மாதமாகக் கசிவு’ என்று இருக்கிறதாம். நாய் பருவத்துக்கு வந்தபோது கண்ட கசிவைத்தான் நான் சொன்னேன். என்ன செய்யலாம்? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அந்த மூன்று சொற்களில்தான் உங்கள் வழக்கு முழுவதும் இருக்கிறது. பெண் நாய் பருவத்துக்கு வந்துபோன பிறகு, பெரும்பாலும் நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் கருப்பையில் சீழ் கோப்பது வழக்கம். பருவத்தின்போது வரும் ரத்தக் கசிவு இயல்பானது. சீழ்க் கசிவு நோய். மருத்துவர் அவசரத்தில் இரண்டையும் பிரிக்காமல் எழுதியிருக்கிறார்.

முதல் வேலையாக, மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எந்த விதியின் கீழ் மறுக்கிறார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். அடுத்து மருத்துவரிடம் போய், பருவக் கசிவு எப்போது, நோயின் அறிகுறி எப்போது என்பதைப் பிரித்துத் தேதியோடு ஒரு விளக்கக் கடிதம் வாங்குங்கள். பழைய குறிப்பைத் திருத்தச் சொல்லாதீர்கள். திருத்தம் செய்த தாள் உங்களுக்கே எதிராகத் திரும்பும். இந்தக் கடிதம், ஸ்கேன் அறிக்கை, பில்கள் ஆகியவற்றோடு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு முறையீடு அனுப்புங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் ‘பீமா பரோசா’ புகார் இணையதளத்திலும் பதியலாம்; 155255 என்ற எண்ணிலும் பேசலாம்.

ஒரு மாதத்துக்குள் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் பழைய பாட்டாகவே இருந்தாலோ, காப்பீட்டுத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் ஆம்புட்ஸ்மேனின் சென்னை அலுவலகத்துக்கு எழுதுங்கள். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் எழுத வேண்டும். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம். தனிநபர் பெயரில் எடுத்த பாலிசி என்பதால் நாய்க் காப்பீடும் அங்கே எடுபடும். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், ஆனால் இந்தத் தொகைக்கு முதலில் ஆம்புட்ஸ்மேன்தான் சுருக்கமான வழி. ஒன்று மட்டும்: பாலிசி எடுக்கும் முன்பே சீழ்க் கசிவு இருந்தது உங்களுக்குத் தெரியும் என்றால், இவ்வளவு அலைச்சலும் வேண்டாம். அங்கேயும் தோற்றுப்போவீர்கள்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் நாய் வளர்க்கிறேன். யாரையாவது கடித்துவிட்டால் காப்பீடு என்னைக் காப்பாற்றுமா? – வாசகர், வேளச்சேரி

பதில்: பணத்தளவில் காப்பாற்றும். மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பு என்று இதற்குப் பெயர். காயம்பட்டவருக்குச் சட்டப்படி நீங்கள் தர வேண்டிய இழப்பீட்டை, வரம்புக்கு உட்பட்டு நிறுவனம் தரும். பலரும் இதைக் கண்டுகொள்வதே இல்லை. என்னைக் கேட்டால், லிஃப்ட்டும் குழந்தைகளும் உள்ள குடியிருப்பில் வைத்தியக் காப்பைவிட முதலில் வாங்க வேண்டியது இதுதான்.

ஆனால் குற்ற வழக்கிலிருந்து எந்தப் பாலிசியும் காப்பாற்றாது. வளர்ப்பு விலங்கை அஜாக்கிரதையாக விட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தைக் காப்பீட்டு நிறுவனம் கட்டாது. வீட்டில் உள்ளவர்களையும் வேலைக்கு வருபவர்களையும் கடித்தால் பொருந்துமா என்று பாருங்கள். பல பாலிசிகளில் பொருந்தாது. சென்னை மாநகராட்சி உரிமத்தை எடுத்துவிட்டீர்களா? கட்டணம் 50 ரூபாய்தான், மைக்ரோசிப் கட்டாயம், இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்திருக்கிறார்கள். உரிமமும் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் இல்லாத நாய்க்காகக் கிளெய்ம் கேட்டுப் போனால் நிறுவனத்துக்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுப்பதாகும். மைக்ரோசிப் எண்ணைப் பாலிசியிலும் பதியச் சொல்லுங்கள். சிகிச்சை பெற்றது அதே நாய்தானா என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

கேள்வி: எங்கள் பொமரேனியனுக்குப் பதினொரு வயது. இப்போது பாலிசி கிடைக்குமா? – வாசகர், திருச்சி

பதில்: கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அந்த வயதில் வரக்கூடிய நோய்களில் பாதி விலக்குப் பட்டியலில் இருக்கும். பிரீமியத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு முழு ரத்தப் பரிசோதனையும் பல் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

கேள்வி: நாய்க்குக் கட்டும் பிரீமியத்தை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாமா? – வாசகர், சேலம்

பதில்: முடியாது. மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கான வரிச் சலுகை உங்களுக்கும் உங்கள் வாழ்க்கைத் துணைக்கும் பெற்றோருக்கும் உங்களைச் சார்ந்துள்ள பிள்ளைகளுக்கும் மட்டும்தான். வீட்டில் அதைப் பிள்ளையாக வளர்த்தாலும் வருமான வரித் துறை அப்படிப் பார்ப்பதில்லை.