முதல் வீட்டுக்குக் காசு வேண்டுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு, விளையாட்டு உலகத்தில் வீடு கட்டுவதைப் பற்றியவை. நான்கையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. நாங்கள் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். லீவு விட்டதிலிருந்து என் போனில் மைன்கிராஃப்ட்தான், கட்டை கட்டையாக வெட்டி அடுக்கி வீடு கட்டுகிற விளையாட்டு. முதன்முதலாக மண்ணை வைத்து ஒரு வீடு கட்டினான். மறுநாளே க்ரீப்பர் என்ற அந்த விளையாட்டின் பூதம் வந்து வெடித்து பாதி வீடு போய்விட்டது. அழுதேவிட்டான். இப்போது கடையில் ரெடிமேட் வீடு கிடைக்கிறது, காயின் வாங்கிக் கொடு என்கிறான். அவன் அப்பாவுக்கு சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை. வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம் அம்மா. காசு மிச்சமாகும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அவன் எதை வாங்கப்போவதாக நினைக்கிறானோ, அது பெரும்பாலும் அந்தக் கடையில் கிடைக்கிற பொருள் இல்லை.

விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் மைன்கிராஃப்ட் மார்க்கெட்பிளேஸ் என்ற கடையில் அழகழகான மாளிகை, கிராமம், கோட்டை என்று படம் போட்டு விற்பதில் பெரும்பாலானவை தனித்தனி உலகங்கள். அப்படிப்பட்டதை வாங்கினால் அது புதிய உலகமாகத்தான் திறக்கும். உங்கள் மகன் இத்தனை நாள் விளையாடிய உலகத்துக்குள், அந்த வெடித்த வீடு இருந்த இடத்தில், அதைத் தூக்கி வைக்க முடியாது. அவனுடைய ஆடு, பெட்டி, தோண்டிய சுரங்கம் எல்லாம் பழைய உலகத்திலேயே இருக்கும். வாங்கிய அன்றைக்குத்தான் பிள்ளைக்கு இது தெரியும். இரண்டாவது தடவை அழுவான்.

இன்னொன்று, அந்தக் காயின் கணக்கு. ரூபாய் கொடுத்து மைன்காயின் கட்டு ஒன்றை வாங்கி, அந்தக் காயினைக் கொடுத்துப் பொருள் வாங்க வேண்டும். கட்டின் அளவும் பொருளின் விலையும் பெரும்பாலும் பொருந்துவதில்லை. கொஞ்சம் காயின் மிஞ்சும், மிஞ்சியதைச் செலவழிக்க இன்னொரு கட்டு வாங்கத் தோன்றும். எப்போதாவது வாங்குவதாக இருந்தாலும், பொருளின் காயின் விலையை ரூபாயாக மாற்றி ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பையனையே எழுதச் சொல்லுங்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். நம் பக்கம் மனை வாங்கி வீடு கட்டுகிறவர்கள் முதலில் என்ன செய்வார்கள்? மூலையில் நாலு சவுக்குக் கழி நட்டு, கீற்று வேய்ந்து, ஒரு கொட்டகை போடுவார்கள். சிமென்ட் மூட்டை நனையக் கூடாது, ராத்திரி காவலுக்கு ஒருவர் படுக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. அதைப் பார்த்து யாரும் வீடு அழகாக இல்லை என்று சொல்வதில்லை. மைன்கிராஃப்டில் முதல் வீடு அந்தக் கொட்டகைதான். உங்கள் மகன் கட்டிய மண் வீடு தப்பே இல்லை. அவன் சரியான இடத்தில்தான் ஆரம்பித்திருக்கிறான் என்று முதலில் அவனிடம் சொல்லுங்கள்.

இதை எழுதுவதற்கு முன்னால் முத்தியால்பேட்டையில் இருக்கும் என் அண்ணன் மகனோடு உட்கார்ந்து, புது உலகம் ஒன்றைத் திறந்து, வெறுங்கையோடு தொடங்கி எண்ணிப் பார்த்தேன். உள்ளே மூன்றுக்கு மூன்று கட்டம் இடம், சுவர் இரண்டு கட்டை உயரம், ஒரு கதவு, மேலே மூடிய கூரை. சுவருக்கு 30 கட்டை, கூரைக்கு 25. மொத்தம் 55. அந்த விளையாட்டில் மண் கட்டை ஒரு அடுக்குக்கு, அதாவது பையின் ஒரு கட்டத்துக்கு, 64 சேரும். அதாவது கையால் தோண்டிய ஒரே அடுக்கு மண்ணில் வீடு முடிந்து ஒன்பது கட்டை மிஞ்சுகிறது. மலைச்சரிவைக் குடைந்து உள்ளே போய்விட்டால் இதுகூட வேண்டாம், முன்பக்கம் மட்டும் அடைத்தால் போதும்.

மரக் கணக்குதான் பிள்ளைகளுக்குத் தவறிப்போகிறது. ஒரு மரத்துண்டு நான்கு பலகை தரும். வேலைமேசைக்கு 4 பலகை, கதவுக்கு 6 (அதில் மூன்று கதவு வரும்), பெட்டிக்கு 8, மரக் கடப்பாரைக்கு (பிக்காக்ஸ்) 3, குச்சிகளுக்கு 2, கட்டிலுக்கு 3, அடுப்பு எரிக்க 2. கூட்டினால் 28 பலகை, ஏழு மரத்துண்டு. இன்னும் இரண்டு துண்டை அடுப்பில் போட்டுக் கரியாக்கினால், ஒரு கரிக்கும் ஒரு குச்சிக்கும் நான்கு டார்ச் (தீப்பந்தம்) வீதம் எட்டு டார்ச் கிடைக்கும். ஆக ஒன்பது துண்டு. இரண்டு மூன்று ஓக் மரத்தில் முடிந்துவிடுகிற சமாச்சாரம். அடுப்புக்கு எட்டு கல் வேண்டும். மரக் கடப்பாரை முதலில் தோண்ட வேண்டியது அதைத்தான்.

அந்த உலகத்தில் ஒரு முழு நாள் 20 நிமிடம். அதில் நல்ல வெளிச்சமான பகல் பத்து நிமிடம்தான். அதனால் வரிசை முக்கியம். முதலில் மரம், அப்புறம் கல், போகிற வழியில் ஆடு கண்ணில் பட்டால் கம்பளி. ஒரே நிறத்தில் மூன்று கம்பளி சேர்ந்துவிட்டால் கட்டில் ஆயிற்று. கட்டிலில் படுத்தால் இரவு ஓடிவிடும். அடிபட்டுச் செத்தாலும் அந்தக் கட்டில் பக்கத்திலேயே மறுபடி எழலாம். கையில் இருந்த பொருளெல்லாம் செத்த இடத்தில் சிதறி ஐந்து நிமிடத்தில் மறைந்துவிடும், பெட்டியில் வைத்தது அப்படியே இருக்கும். வெளியே கிளம்பும் முன் பெட்டியில் வைத்துவிட்டுப் போகும் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் கண்ணீர் குறையும்.

இப்போது க்ரீப்பர். ஜோம்பியும் எலும்புக்கூடும் வெயில் பட்டால் எரிந்துபோகும். க்ரீப்பர் எரியாது. விடிந்துவிட்டதே என்று கதவைத் திறந்தால் வாசலில் நிற்கும். உங்கள் மகனுக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். சுவரில் கண் உயரத்தில் ஒரு கட்டை எடுத்து ஜன்னல் வைத்துக்கொண்டு, வெளியே பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். அது சீறத் தொடங்கினால் ஒன்றரை வினாடிதான் அவகாசம். அதற்குள் தள்ளி ஓடிவிட்டால் வெடிக்காது. எப்போதும் வீட்டை விட்டு எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். வீட்டைச் சுற்றி டார்ச் நட்டால் அந்த வெளிச்சத்தில் புதிதாக ஒன்றும் முளைக்காது. கல் சேரச் சேர மண் சுவரைக் கல்லாக மாற்றலாம், வெடியை மண்ணைவிட நன்றாகத் தாங்கும். ஒரு பூனையைப் பழக்கி வீட்டோடு வைத்துக்கொண்டால் க்ரீப்பர் அதைக் கண்டு விலகிப்போகும். இதற்கெல்லாம் ஒரு ரூபாய் செலவு கிடையாது.

மாளிகை ஆசையும் தப்பில்லை. கிரியேட்டிவ் முறையில் தனியாக ஒரு உலகம் திறந்தால் எல்லாப் பொருளும் அளவில்லாமல் கிடைக்கும். அங்கே கட்டிப் பழகி, எத்தனை கட்டை ஆனது என்று எண்ணி எழுதிக்கொண்டு, பழைய உலகத்தில் நிஜமாகச் சேர்த்துக் கட்டலாம்.

ஒரு எச்சரிக்கை. போனில் வாங்கிய மைன்கிராஃப்ட் கம்ப்யூட்டருக்கு வராது, அங்கே தனியாக வாங்க வேண்டும். கம்ப்யூட்டரில் ஜாவா, பெட்ராக் என்ற இரண்டு பதிப்பையும் சேர்த்தே விற்கிறார்கள், ஆனால் மார்க்கெட்பிளேஸ் பொருள் ஜாவா பதிப்பில் ஓடாது. பிறகு கம்ப்யூட்டர் வாங்கும் எண்ணம் இருந்தால் போனில் காயின் சேர்ப்பதில் இன்னும் கவனம் வேண்டும். அடியோடு செலவில்லாமல் வேண்டும் என்பவர்களுக்கு லுவான்டி இருக்கிறது. 2024 வரை மைன்டெஸ்ட் என்று பெயர். கட்டற்ற மென்பொருள், ஆண்ட்ராய்டிலும் கம்ப்யூட்டரிலும் இலவசம், அதே மாதிரி வெட்டிக் கட்டலாம். நான் அதைப் பிள்ளைகளுக்குத் தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

கேள்வி: லாஸ்பேட்டையில் இருக்கிறேன், வயது 26. செகண்ட் லைஃப் என்ற இணைய உலகத்தில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்ட ஆசை. அங்கே பழக்கமான ஒருவர், தன் இடத்தில் 1,024 சதுர மீட்டர் வாடகைக்குத் தருவதாகவும், மூன்று மாத வாடகையை முன்பணமாக யுபிஐயில் அனுப்பும்படியும் சொல்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள் சகோதரி. செகண்ட் லைஃப் 2003-ல் லிண்டன் லேப் நிறுவனம் தொடங்கிய உலகம். அங்கே வாடகை வாங்குவதும் கொடுப்பதும் லிண்டன் டாலர் என்ற அதன் சொந்தக் காசில், அந்த உலகத்துக்குள்ளேயே நடக்கிறது. அப்படிக் கொடுத்தால் உங்கள் கணக்கில் பதிவு இருக்கும். வெளியே யுபிஐயில் போன பணத்தைப் பற்றி அந்த நிறுவனத்துக்கு ஒன்றும் தெரியாது, தகராறு வந்தால் காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. வாரக் கணக்கில் வாடகைக்கு விடுபவர்கள் அங்கே நிறைய. ஒரு வாரம் கொடுத்து இருந்து பாருங்கள்.

ஈசிஆர் பக்கம் மனை பார்க்கப் போனால் வில்லங்கச் சான்று கேட்கிறோம், பட்டா கேட்கிறோம். இங்கே அந்த மாதிரி எதுவும் இல்லை. நிலம் என்று பெயரே தவிர, கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஒரு இடம், அதைப் பயன்படுத்த ஒரு அனுமதி. உங்களுக்கு வாடகைக்கு விடுபவர் தனக்கு மேலே உள்ளவர்களுக்குச் செலுத்த வேண்டிய பணத்தைச் செலுத்தாமல் விட்டால் அவர் இடமும் போகும், உங்கள் வீடும் போகும்.

முதல் வீட்டுக்கு நிலமே வேண்டாம் என்பது என் கருத்து. சாண்ட்பாக்ஸ் என்று பொதுவெளிகள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கட்டிப் பார்க்கலாம். சில மணி நேரத்தில் தானாகக் கலைத்துவிடுவார்கள், அதனால் கிளம்பும் முன் கட்டியதை எடுத்து உங்கள் இன்வென்டரியில் (கணக்கோடு இருக்கும் பொருள் பையில்) வைத்துக்கொள்ள வேண்டும். நன்றாகக் கை பழகிய பிறகு இடம் தேடலாம்.

இடம் எடுக்கும்போது சதுர மீட்டரை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். ஒவ்வொரு பொருளுக்கும், அது நிலத்தின் மேல் ஏற்றும் சுமையைக் காட்டும் லேண்ட் இம்பாக்ட் என்று ஒரு எண் உண்டு, நிலத்துக்கும் ஒரு உச்ச எண் உண்டு. மெயின்லேண்ட் எனப்படும் பொதுநிலப் பகுதியில் 1,024 சதுர மீட்டருக்கு வழக்கமாக 351. வீடே 200 தின்றுவிட்டால் நாற்காலி, மரம், விளக்கு எல்லாவற்றுக்கும் 151 தான். வாடகை நிலத்தில் இந்த எண் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரெடிமேட் வீடு வாங்கினால் காப்பி (நகலெடுக்க), மாடிஃபை (மாற்றியமைக்க) அனுமதி இருக்கிறதா பாருங்கள். காப்பி அனுமதி இல்லாத வீடு ஒருமுறை தொலைந்தால் தொலைந்ததுதான். பல கடைகளில் டெமோ வீடு இருக்கும், உள்ளே நடந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: கடலூர் முதுநகர். ஒன்பது வயது மகள் என் போனில் ஒரு வீடு கட்டும் விளையாட்டில் ஜன்னல், தோட்டம் என்று வாங்கி நேற்று ரூ. 2,400 போய்விட்டது. திரும்ப வருமா?

பதில்: இன்றைக்கே செய்யுங்கள், தள்ளிப் போடாதீர்கள். கூகுள் பிளே வழியாக வாங்கியதென்றால் 48 மணி நேரத்துக்குள் அங்கேயே பணத்தைத் திரும்பக் கேட்கும் வழி இருக்கிறது. குழந்தை தெரியாமல் வாங்கிவிட்டது என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு ரசீதுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். 48 மணி நேரம் தாண்டிவிட்டால் விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்துக்கு எழுத வேண்டும்.

மறுத்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். அதற்கும் மேலே கடலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது ஆகாதவர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்பது உங்களுக்குச் சாதகம். ஆனால் கணக்கு உங்கள் பெயரில் இருப்பதால், வாங்கியது நீங்கள்தான் என்று எதிர்த்தரப்பு வாதிடும். அதனால் பணம் போன நேரம், அப்போது போன் யாரிடம் இருந்தது, திரையில் வந்த செய்தி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதி வையுங்கள்.

குழந்தையைத் திட்ட வேண்டாம். அந்தத் திரையில் இருப்பது வைரம், நட்சத்திரம். ரூபாய் என்று அவள் கண்ணில் படவே இல்லை. பிளே ஸ்டோர் அமைப்பில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றிவிடுங்கள். கைரேகை வைத்திருந்தால் மகள் விரல் அதில் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: அரியாங்குப்பம். கல்லூரி மாணவன். டெலிகிராமில் ஒருவரிடம் ரூ. 300-க்கு மைன்கிராஃப்ட் அக்கவுன்ட் வாங்கினேன். பத்து நாள் ஓடியது, பெரிய வீடே கட்டிவிட்டேன். இப்போது லாகின் ஆகவில்லை. விற்றவர் பிளாக் செய்துவிட்டார்.

பதில்: தம்பி, அது பெரும்பாலும் வேறொருவரின் அக்கவுன்டாக இருக்கும். உரிமையாளர் தன் மின்னஞ்சல் வழியாக மீட்டுக்கொண்டிருப்பார். கணக்கை விற்பதும் வாங்குவதும் அந்த விளையாட்டின் விதிப்படி கூடாது என்பதால், அவர்களிடம் கேட்டு மீட்க வழியில்லை. பணத்துக்கு 1930 என்ற உதவி எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள். யுபிஐ பரிவர்த்தனை எண்ணையும் டெலிகிராம் உரையாடலையும் அழிக்காமல் வையுங்கள். அந்த அக்கவுன்டில் போட்ட கடவுச்சொல்லை வேறு எங்கேயாவது பயன்படுத்தியிருந்தால் உடனே மாற்றுங்கள்.

கட்டிய வீட்டைப் பொறுத்தவரை, ஒற்றை ஆளாக உங்கள் கம்ப்யூட்டரிலேயே விளையாடியிருந்தால் அந்த உலகத்தின் கோப்பு இன்னும் அங்கேயேதான் இருக்கும். ஜாவா பதிப்பு என்றால் மைன்கிராஃப்ட் கோப்புறைக்குள் சேவ்ஸ் என்று ஒரு கோப்புறை இருக்கும். அதை அப்படியே பென் டிரைவில் நகலெடுத்து வையுங்கள். பிறகு முறையாக விளையாட்டை வாங்கும்போது அதே இடத்தில் போட்டால் உங்கள் வீடு திறக்கும்.