தண்ணீர் கொடுத்தவருக்கு முதலில் சொல்லுங்கள்

கேள்வி: நான் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகே வளர்ந்தவள், வீட்டில் தமிழ்தான் பேசுவோம். நிலத்தடி நீரிலுள்ள ஃப்ளோரைடு பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எங்கள் ஊர்க் கிணறுகளிலும் போர்வெல்களிலும் நீர் எடுத்துச் சோதித்திருக்கிறேன். இதை ஊராருக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்று எங்கள் துறையின் சில ஆசிரியர்களும் மாணவர்களும் விரும்புகிறோம். நெறியாளரோ, "முதலில் ஆய்விதழில் கட்டுரை வரட்டும்" என்கிறார். போன வாரம் பக்கத்து வீட்டுப் பாட்டி, "கண்ணு, பாட்டில்ல தண்ணி கொண்டு போனியே, என்னாச்சு?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியாமல் நின்றேன். நான் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

பாட்டிக்கு இந்த வாரமே பதில் சொல்லிவிடுங்கள். உங்கள் நெறியாளர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது: வேறிடத்தில் வெளியான முடிவுகளைப் பல ஆய்விதழ்கள் ஏற்பதில்லை, கூட்டாக உழைத்தவர்களின் ஒப்புதல் இல்லாமல் நீங்கள் மட்டும் எழுதுவதும் முறையல்ல. ஆனால் நூறு கிணறுகளின் அளவுகளை ஒப்பிட்டு நீங்கள் காணும் முடிவு வேறு, ஒரு வீட்டுக் கிணற்றின் அளவு வேறு. முன்னது கட்டுரைக்கு உரியது. பின்னது அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு உரியது; அதை ஒரு சீட்டில் எழுதி அவர் கையில் கொடுப்பதை யாரும் வெளியீடு என்று சொல்லமாட்டார்கள். இந்த வேறுபாட்டை நெறியாளரிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னால் அவர் மறுக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

எப்படி எழுதுவது என்பதுதான் கடினம். நான் கல்லூரியில் பணியாற்றிய காலத்தில், எல்லையோரச் சிற்றூர் ஒன்றில் ஒரு மூதாட்டியிடம் மூன்று நாள் உட்கார்ந்து ஒப்பாரிப் பாடல்களைப் பதிவு செய்தேன். கட்டுரை அச்சானதும் ஒரு படியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்கு எழுத்து தெரியாது. பேரனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். மலையாள வழியில் படிக்கும் அந்தப் பையன் முதல் வரியில் விரலை வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தான். பேசுவது தமிழ், படிப்பது மலையாளம் என்றுள்ள வீட்டில் என் கட்டுரையை வாசிக்க ஆளில்லை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அரிசிப் பானையின் மேல் வைத்தார். எனக்கு அன்று உண்டான வெட்கம் இன்னும் போகவில்லை. நீங்கள் எழுதுவதைத் தமிழிலும் மலையாளத்திலும் அடுத்தடுத்து அச்சிடுங்கள். அதைவிட முக்கியமாக, உரக்க வாசித்துக் காட்டுவதற்கு ஏற்றதாக எழுதுங்கள். கண் தெரியாதவருக்கும் எழுத்தறியாதவருக்கும் அதுவே வழி. 1962இல் தொடங்கப்பட்ட கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், மக்களின் மொழியில் அறிவியலை எழுதியும் வீதி நாடகமாக நடித்தும் ஊர் ஊராகக் கொண்டு சென்ற மாநிலம் இது. அந்த வழக்கம் நம் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்குள்ளும் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அளவைச் சொல்லும்போது எண்ணோடு நிறுத்தாதீர்கள். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃப்ளோரைடு இருக்கலாம், வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். பாட்டிக்கு அது எட்டாது. அளவு மீறியிருந்தால், "இந்தத் தண்ணியைக் குழந்தைகள் வருஷக்கணக்கில் குடித்தால் பல்லில் கறை விழும், பெரியவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகும், துணி துவைக்கலாம், குளிக்கலாம், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வேறு தண்ணி பாருங்கள்" என்றால் எட்டும். கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம் வீடுகளில் நம்புகிறார்கள். ஃப்ளோரைடு கொதிப்பில் போகாது. நீர் ஆவியாகிச் சுண்டுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். இந்த ஒரு செய்தியை வீடு வீடாகச் சொன்னாலே உங்கள் படிப்பு ஊருக்குப் பயன்பட்டதாகும்.

பொதுவில் எழுதும்போது எந்த வீடு, எந்தத் தெரு என்று அடையாளம் தெரியும்படி எழுதாதீர்கள். நம் ஊர்களில் தெருவின் பெயரே சாதியைச் சொல்லிவிடும். பட்டியலின, பழங்குடி மக்களின் குடியிருப்புகளைக் குறிக்கும் 'காலனி' என்னும் சொல் அங்கே வாழ்பவர்களை இழிவுபடுத்துகிறது என்று 2024 ஜூனில் கேரள அரசே அதை விலக்கி ஆணையிட்டது. ஆய்வாளர் எழுத்தில் அது இன்னும் தங்கியிருப்பது வருத்தம் தருகிறது. கறை விழுந்த பல் பெண் பார்க்க வந்த இடத்தில் பேச்சாகிவிடும் என்பதையும் மறக்கவேண்டாம்.

அதே சமயம், பெயர் சொல்ல விரும்புகிறவரின் பெயரை மறைப்பதும் தவறு. உங்கள் ஊருக்குப் பக்கத்துப் பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில், குளிர்பான ஆலை வந்தபின் கிணற்று நீர் கெட்டதைச் சோற்றிலும் தோல் அரிப்பிலும் முதலில் கண்டு சொன்னவர்கள் அங்கிருந்த பழங்குடிப் பெண்கள். 2002 ஏப்ரலில் தொடங்கிய அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய மயிலம்மா, எரவாளர் சமூகத்தவர். பள்ளிப் படிப்பு இல்லாதவர். ஆய்வகங்கள் பின்னால்தான் வந்தன. ஆகவே பாட்டி தன் கிணற்றைப் பற்றிச் சொல்வதை, எந்தக் கோடையில் நீர் கடுத்தது, எப்போது போர்வெல் இறக்கினார்கள் என்பதையெல்லாம், அவர் சம்மதத்தோடும் அவர் பெயரோடும் எழுதுங்கள். வெயிலில் பாட்டில் சுமந்த இளநிலை மாணவர்களின் பெயரும், ஆய்வகப் பணியாளரின் பெயரும் அதில் இருக்கட்டும்.

இப்படி எழுதுவது பதவிக்கு உதவாது என்று யாராவது சொன்னால், 2018இல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆய்வு மாணவர்கள் தம் ஆய்வைப் பொதுமக்களுக்காக எழுதுவதற்கென்றே 'அவ்சர்' என்ற பரிசுத் திட்டத்தைத் தொடங்கியதை நினைவூட்டுங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் கட்டுரை வந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் தன் விதிமுறையிலிருந்து எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் அதை வைத்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாட்டியிடம் போகும்போது அளவு எழுதிய சீட்டோடு காலி பாட்டில் ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். மழைக்குப் பிந்தைய மாதிரியும் உங்களுக்குத் தேவைப்படும். அது எதற்கு என்று சொல்லிவிட்டு, அவர் சம்மதித்தால் அவர் கையாலேயே சேந்தித் தரச் சொல்லுங்கள்.